கொட்டாஞ்சேனையில் கட்டிய பந்தய வண்டி

பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்ற ஒரு சனிக்கிழமை போதும். திரும்பப் பூட்டத்தான் இரண்டு வருடமும் ஒரு மனைவியும் வேண்டும்.

உங்களில் யாராவது ஓர் எஞ்சினைக் கழற்றிப் பேப்பரில் பரப்பி, எல்லாம் பூட்டி முடிந்த பிறகு மிஞ்சிய ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருந்தால், உங்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் நான் ஒருகொடவத்தையில் ஒரு கொன்ரெய்னர் யார்டில் ஃபிட்டர். பெட்டி தூக்குகிற இயந்திரங்களைத் திருத்துவது வேலை. கொட்டாஞ்சேனையில் பிலோமினா அன்ரியின் வீட்டுப் பின்பாதியில் நானும் மனைவி ராஜியும் வாடகைக்கு இருந்தோம். யார்டில் என்னோடு வெல்டராக இருந்த நிமால் என்ற சிங்கள நண்பன் ஒருநாள் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையைக் கொண்டுவந்து காட்டினான். அதில் ஒரு மோட்டார் சைக்கிள். தாழ்ந்த ஹாண்டில், நீண்ட பெற்றோல் ராங்க், தேவையில்லாத ஒரு தகடுகூட இல்லை. லண்டனில் பெடியள் ஒரு தேத்தண்ணிக் கடையிலிருந்து அடுத்த கடைக்குப் பந்தயம் ஓடுவதற்காகப் பழைய வண்டிகளை இப்படி மாற்றினார்களாம். கஃபே ரேசர் என்று பெயர். அந்தப் படத்தைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முகத்துவாரத்துக் கோழி

அப்படி மாற்றுவதற்கு முதலில் ஒரு பழைய வண்டி வேண்டுமே. முகத்துவாரத்தில் அந்தோனி என்று ஒரு வள்ளக்காரர் வீட்டில் இருக்கிறது என்று நிமால் விசாரித்து வந்தான். போனோம். வீட்டுக்குப் பின்னால் கிழிந்த வலைக் குவியல். அவர் வலையை இழுக்க இழுக்க உள்ளேயிருந்து ஒரு சக்கரம் வந்தது, பிறகு ஒரு விளக்கு வந்தது, பிறகு பெற்றோல் ராங்கின் மேல் அடைகாத்தபடி ஒரு கோழி வந்தது. இங்கிலாந்தில் செய்த ஒற்றைச் சிலிண்டர் வண்டி. உப்புக்காற்று தின்றது போக மிச்சம் இருந்தது.

அந்தோனி நேர்மையான மனிதர். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்களோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் வைத்திருந்த வண்டிப் புத்தகத்தை எடுத்து, எஞ்சின் இலக்கத்தையும் வண்டிச் சட்டகத்தின் இலக்கத்தையும் துடைத்துக் காட்டி, என் பெயருக்கு மாற்றக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். வேறு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் கேட்டேன். அவர் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: “தம்பி, கோழிய நான் எடுத்துக்கிறேன். உள்ள எங்கயாச்சும் முட்டை கெடந்தா அது ஒங்களுக்கு.”

பையில் என்ன?

பிஸ்டன் தேய்ந்துபோயிருந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் ஆறு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, கடைசியில் பொருந்துகிற மாதிரி ஒன்று கிடைத்தது. அதைப் பழந்துணியில் சுற்றி, மரக்கறிப் பையில் போட்டுக்கொண்டு, கல்யாணம் முடித்த மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தேன். சந்தியில் சோதனைச் சாவடி. இருபது வயதுகூட இல்லாத ஆமிக்காரன் ஒருவன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. பிறகு பையைப் பார்த்தான். உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“பிஸ்டன்” என்றேன், பெருமையாக.

அவன் இரண்டடி பின்னால் பாய்ந்து துவக்கை நிமிர்த்தினான். பிஸ்டல் என்று கேட்டிருக்கிறது. பையை நிலத்தில் வைக்கச் சொல்லிக் கத்தினான். வைத்தேன். கைகளைத் தூக்கினேன். பின்னால் வரிசையில் நின்ற சனம் கலைந்து ஓடியது. அந்த அரை நிமிடத்தில் அவனுடைய விரல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் நான் பார்த்தேன். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து வயதில் மூத்த ஒருவன் வந்து, துப்பாக்கி முனையால் துணியை விலக்கிப் பார்த்து, பிஸ்டனைக் கையில் எடுத்து உருட்டினான். அவன் ஊரில் உழவு இயந்திரம் ஓட்டியவனாம். பையை என்னிடம் தந்து, தம்பி முறை வைத்து அவன் சொன்னது இது: “மல்லி, இனிமேல் யார் கேட்டாலும் யகட, இரும்பு, என்று மட்டும் சொல்லு. இந்த நாட்டில் இப்போது சாமானுக்குப் பேர் சொல்லிப் பேசாதே.”

பிலோமினா அன்ரியின் அவன்

எஞ்சினின் அலுமினிய உடம்பை நன்றாகச் சூடாக்கினால்தான் தண்டைத் தாங்கும் புதுப் பெயரிங் உள்ளே போய் உட்காரும். யார்டில் அதற்கு வசதி இருந்தது. ஆனால் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு நான்கு சாவடி தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. பிலோமினா அன்ரி கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, கேக் செய்து விற்பவர். அவருடைய அவன், கேக் சுடுகிற அடுப்பு, பெரியது. அவர் பூசைக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் எஞ்சினின் இரண்டு பாதிகளையும் உள்ளே வைத்தேன். “மனுசி வந்தால் நான் இஞ்சை இல்லை” என்று ராஜி முன் வாசலில் போய் நின்றாள். பெயரிங் இரண்டும் ‘டொக்’ என்று விழுந்து உட்கார்ந்தன. அந்தச் சத்தத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவனை மூன்று முறை தேசிக்காய் போட்டுக் கழுவினோம். அன்ரி ஒன்றும் கேட்கவில்லை. நான் தப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். நத்தார் முடிந்து ஐந்தாம் நாள், நான் வேலைக்குப் போகிற நேரத்தில் வாசலில் மறித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, கேக் வாங்கினவங்க எல்லாரும் கேக்கிறாங்க, இந்த வருஷம் என்ன புது எசன்ஸ் போட்டீங்கன்னு. நான் என்ன சொல்றது?”

மேசையில் பரப்பியவை

நகரத்தில் குண்டு வெடித்த மறுநாள் விடிய ஆமியும் பொலிசும் எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் பின்பாதிக்குள் வந்தவர்கள் கண்டவை: ஒரு பற்றறி, ஒரு கொயில், நான்கு நிறத்தில் வயர்ச் சுருள்கள், அறுத்த இரும்புக் குழாய்த் துண்டுகள், ஒரு கொப்பி. கொப்பியில் என் கையெழுத்தில் ‘டைமிங்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. எஞ்சினில் நெருப்புப்பொறி எந்த நேரத்தில் விழவேண்டும் என்ற கணக்கு அது. விடிய ஐந்து மணிக்கு, துவக்கோடு நிற்பவனுக்கு அதை எப்படி விளக்குவது? எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த நேரத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. சாமான்களை ஒரு சாக்கில் கட்டி, என்னையும் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்தின் பின் அறையில் இருபத்தைந்து பேர் அளவில் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் வவுனியாவிலிருந்து மகளின் கண்ணுக்கு வைத்தியம் செய்ய வந்து, வெள்ளவத்தையில் லொட்ஜில் தங்கியிருந்த ஒருவர். கொட்டாஞ்சேனைக்கு உறவுக்காரரைப் பார்க்க வந்த இடத்தில் பிடிபட்டிருந்தார். பிள்ளை லொட்ஜில் தனிய இருக்கிறாள் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. ஒரு விளையாட்டுச் சாமானுக்காக ராஜியை இந்தக் கொழும்பில் தனியாக்கிவிட்டேனே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மத்தியானம் போல ராஜி வண்டிப் புத்தகத்தோடு வந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிமாலும் கூட வந்திருந்தான். இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். நிமாலை வெளியே நிற்கச் சொன்னார். என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வைத்தார். சாக்கை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, “இது என்ன?” என்று ராஜியிடம் கேட்டார். காலையில் விசாரணையில் நான் சொன்னதும் அவள் சொல்வதும் ஒத்துவருகிறதா என்று பார்க்க. இரண்டு வருடத்தில் அவள் அந்த வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் கடையில் சாமான் வாங்கப் பழகிய சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். இது காபரேற்றர். இது அதன் மிதவை, ஓட்டை விழுந்ததால் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார். இது கொயில், இது பொயின்ற், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டைமிங் பிழையாகிறது, அதனால்தான் கொப்பி முழுக்க அந்தச் சொல். இந்த ஸ்பிரிங் இதற்குரியது இல்லை, தையல் மெஷினில் கழற்றியது, என்னிடம் கேட்காமல் கழற்றியது. இன்ஸ்பெக்டர் தங்கள் கராஜிலிருந்து ஒரு சார்ஜன்டைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சரிபார்க்கச் சொன்னார். பின்னேரம் என்னை விட்டார்கள். வெளியே வந்து முதல் வேலையாக நிமாலை லொட்ஜுக்கு அனுப்பினேன். லொட்ஜ்காரர் வந்து சொல்லியும் வவுனியாக்காரரை வெளியே எடுக்க ஒன்பது நாள் ஆனது. அதுவரை அந்தப் பிள்ளை ராஜியின் அக்கா வீட்டில் இருந்தாள். சாக்கைத் திருப்பித் தந்தபோது அந்தச் சார்ஜன்ட் என் காதில் சொன்னார்: “டைமிங் உனக்குப் பிழைக்கிறதென்றால் உன் நோனாவைக் கேள். உன்னைவிட அவவுக்கு விளங்குகிறது.”

சாக்கு

மூன்று கிழமையாகச் சாக்கை நான் அவிழ்க்கவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவன் ஒழுங்கையில் மணி அடித்துக்கொண்டு வந்தபோது, தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று வாசல்வரை இழுத்தும் வந்துவிட்டேன். ராஜி குசினி அடுப்பை விட்டு வந்து சாக்கின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

“என்ன செய்யிறியள்?”

“போதும் ராஜி. உமக்கு இன்னொரு நாள் அப்பிடி வரக்கூடாது.”

அவள் பிடியை விடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, நான் இரண்டு வருடமாகச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தனியே புலம்பியதாக நினைத்ததெல்லாம் தனியே புலம்பியது அல்ல என்று. சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போனபடி அவள் சொன்னாள்: “எல்லாச் சாமானின்ரை பேரும் பொலிசிலை எழுதிக் குடுத்தாச்சு. இனிப் பூட்டாமல் விட்டால்தான் அவங்களுக்குச் சந்தேகம் வரும்.”

ஊசிகள்

முதல் முறை எஞ்சினை உயிர்ப்பித்தது ஒரு ஞாயிறு காலை. ஒழுங்கைக்குள் வண்டியை உருட்டி நிறுத்தி, நிமாலும் நானும் மாறி மாறி உதைத்தோம். ஒன்றும் இல்லை. ராஜி சொன்ன அளவுக்கு டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். அடுத்த உதையில் சைலன்சருக்குள் தேங்கிய பெற்றோல் எல்லாம் சேர்ந்து ஒரே வெடி.

வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அதைப் பார்க்க ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. யன்னல்கள் சாத்தப்பட்டன. தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்கள் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒரு தாய் பிள்ளைக்கு மேலே கவிழ்ந்து கிடந்தாள். எங்களுடைய சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். யாரும் ஏசவில்லை, ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எதிர்க் கடைத் தையற்காரர் ராமையா மெஷினுக்கு அடியிலிருந்து மெதுவாக எழும்பி வந்தார். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார், முடியவில்லை, என்னிடம் நீட்டினார். என் கையாலும் முடியவில்லை. பிறகு உள்ளங்கையில் பொறுக்கி வைத்திருந்த ஊசிகளை விரித்துக் காட்டி அவர்தான் சொன்னார்: “மெஷினுக்கு அடியில இம்புட்டு ஊசி கெடக்குன்னு இன்னைக்குத்தாங்க தெரிஞ்சுச்சு.”

யார் எங்கே இருப்பது

கஃபே ரேசருக்கு இருக்கை ஒருவருக்குத்தான். பின்பக்கம் ஒரு திமில் மாதிரி உயர்ந்து முடிந்துவிடும்; அதுதான் அதன் அழகு. சஞ்சிகையில் இருந்தபடியே தகடு அடித்து, கறுப்பு ரெக்சினால் போர்த்திக் கட்டினேன். முதல் நாள் தனியே வேலைக்குப் போனேன். ராங்கின் மேல் குனிந்து, சத்தமான வண்டியில் தனியே வருகிற தமிழ் ஆண்பிள்ளை! ஒரு சாவடியில் முக்கால் மணி, அடுத்ததில் ஒரு மணி. யார்டுக்குப் போய்ச் சேரப் பத்தரை. எங்கள் ஃபோர்மன் மணிக்கூட்டைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே நிமால் திமிலை அறுத்தெறிந்தான். இருக்கையை ஒரு முழம் நீட்டினோம், கால் வைக்க இரண்டு கம்பியும் ஒட்டினோம். சஞ்சிகைக்காரன் கண்டால் கண்ணீர் விட்டிருப்பான். அடுத்த ஞாயிறு ராஜியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையில் அவளுடைய அக்கா வீட்டுக்கு வெளிக்கிட்டேன். சாரித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மடியில் பலகாரப் பெட்டியோடு ஏறினாள். முதல் சாவடியில் இறக்கினார்கள், அட்டைகளைப் பார்த்தார்கள், ஐந்து நிமிடத்தில் விட்டார்கள். அடுத்ததிலும் அப்படித்தான். காலி நகருக்குப் போகிற காலி வீதியில் ஒரு சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணில் ஆசை தெரிந்தது. இது எவ்வளவு வேகம் போகும் என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறக்க முதல் பின்னாலிருந்து ராஜி அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்: “நீங்கள் விட்டால் போகும், அய்யே.”

இவ்வளவு பாடுபட்டுப் பந்தய வண்டி கட்டிய எனக்கு, முழு வேகத்தில் மட்டும் போடுகிற அதன் நான்காவது கியர் வேலை செய்கிறதா இல்லையா என்பது சண்டை முடிந்த பிறகுதான் தெரியவந்தது.