சுதாராணி வேனுக்குக் காத்திராத நாள்

சுதாராணி என்ற பெயரை ஆவுடைத்தாய் முதன்முதலில் கேட்டது ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில். நாகலாபுரத்தில் வாக்கப்பட்ட சித்தி மகள் வள்ளித்தாய்தான், "ஒம்மவனுக்கு எங்க நாத்தனா மகளைக் கேளுக்கா. பேரு சுதாராணி" என்று ரச வாளி வருவதற்குள் சொல்லி முடித்தாள். அந்த ஆவணியிலேயே மருமகளாக்கிக் கூட்டி வந்துவிட்டாள் ஆவுடைத்தாய்.

மாமியாரும் மருமகளும் ஒரே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடைக்க வேனேறிப் போனார்கள். ஐப்பசி மழை பிடித்தால் குச்சி காயாது, வேனும் வராது. வராத நாளுக்குக் கூலி கிடையாது. அதுகூடப் பழகிப்போயிருந்தது. வராது என்று முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களே, அதுதான் கொடுமை. அதே மழைக்குத்தான் உளுந்தம் புஞ்சைகளில் களை மண்டும். களைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் விடியவும் வந்து போய்விடுவார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வேனுக்காக நின்றால், பாதி நாள் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. களைக்குப் போன அன்று வேன் வந்துவிட்டாலோ, "இனிமே நீ வரண்டாம்" என்பார் மேனேஜர்.

ஒரு வருஷம் அப்படியே ஒரு வாரம் வீணாய்ப் போனது. மறுநாள் விடிய, அழகிரிசாமி தன் புஞ்சைக்கு ஆள் கேட்டு வந்தார். "நான் வாரேன் மாமா" என்றாள் சுதாராணி.

ஆவுடைத்தாய்க்குப் பகீரென்றது. "ஏட்டி, வேன் வந்துட்டா?"

"வந்தா நிக்கட்டும் அத்தை. நாம நிக்கலையா?"

தெருவே சிரித்தது. வேனுக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்கள். ஆவுடைத்தாயும் போனாள். ரெண்டு பேர் வேலையும் போய்விட்டால் வீடு என்னாகும் என்று வழியெல்லாம் ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்து அன்றைக்கென்று மழை வெறித்துச் சுள்ளென்று வெயில் அடித்தது. வேன் வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியது. மத்தியானம் ஆபீஸ் முதலாளி விஜயராஜே வந்துவிட்டார். காரை ரோட்டில் விட்டுப் புஞ்சைக்குள் இறங்கியவரின் ஒரு செருப்பைக் கரிசல் பிடுங்கிக்கொண்டது.

"யாவாரிக லோடு கேட்டு உசிர எடுக்காவ, எல்லாரும் இங்கன குனிஞ்சு கெடக்குதீங்க?"

சுதாராணி நிமிர்ந்தாள். "நேத்தே சொல்லியிருந்தா வந்திருப்போம் அண்ணாச்சி. இன்னைக்கு அழகிரிசாமி மாமாவுக்கு ஒத்துக்கிட்டோம். நாளைக்கு வாரோம்."

அவர் ஆவுடைத்தாய் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்கணும்ல? நீயாவது மருமகளுக்குச் சொல்லப்படாதா?"

களைக்கொத்துகள் எல்லாம் நின்றன. ஆவுடைத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அவ சொல்லுததுதான் அண்ணாச்சி, எனக்கும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. பின்னாலிருந்து இசக்கியம்மாள், "அண்ணாச்சி, அந்தச் செருப்பை நாளைக்கு வேன்ல கொடுத்துவிடட்டுமா?" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பேரை விரட்டிவிட்டு யாரை வைத்து லோடு ஏற்றுவார்?

"சரி தாயி. முந்தின நாள் சாயங்காலமே போன் போடச் சொல்லுதேன்."

"வேன் வராட்டியும் போடணும்" என்றாள் சுதாராணி.

வராத நாளுக்குக் கூலி இன்றைக்கும் இல்லைதான். ஆனால் சாயங்காலம் போன் வருகிறது; சுதாராணி போனுக்குத்தான் வருகிறது. ஆவுடைத்தாய் அதை எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டாள். சுதாராணி இப்போதும் அதே ஆபீசில் பெட்டி அடைக்கிறாள். இன்று வேன் இல்லை என்று நேற்றே தெரிந்ததால், அழகிரிசாமி புஞ்சையில் களையெடுத்துக்கொண்டிருக்கிறாள்.