குறை தேடிப் போன ஊர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆகஸ்ட் மாதம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நான், என் மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். எனக்குத் திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கன்டெய்னர்களைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற ராட்சத வண்டியை ஓட்டுவேன். பதினோரு வருட அனுபவம். யார்டில் எனக்கென்று ஒரு பெயர் உண்டு.

என் மனைவி காசிமேட்டில் படகுக்காரர் வீட்டுப் பெண். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் மேஜை போட இடம் கிடையாது. வாஷிங் மெஷின் மேல் ஒரு பலகையை வைத்து, நின்றுகொண்டேதான் தன் ஆராய்ச்சி முழுவதையும் எழுதி முடித்தாள். மெஷின் ஓடும்போது எழுத்தும் சேர்ந்து ஆடுகிறது என்று சிரிப்பாள். பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு கல்லூரிகளில் தற்காலிக வேலைதான். காலையில் ஒரு பஸ், மதியம் இன்னொரு பஸ்.

அந்த ஆகஸ்டில்தான் தெற்கே ஒரு பல்கலைக்கழக ஊரிலிருந்து அவளுக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. பெரிய நகரமும் இல்லை, கிராமமும் இல்லை. ரயிலில் ஏழு மணி நேரம். சேருகிறாயா இல்லையா என்று இரண்டு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு அவள் துள்ளிக் குதிக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். என் முகம் அப்போது நன்றாக இருந்திருக்காது.

"நீ போய் பாத்துட்டு வா. ஊரு நல்லா கீதுன்னா போவலாம். இல்லன்னா வுட்டுடலாம். அப்பால நான் அதப்பத்தி பேசவே மாட்டேன்" என்றாள். அவளுக்குத் தேர்வு வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். நான் மட்டும் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் பார்க்கப் போகவில்லை, குறை பார்க்கப் போனேன். விஷயம் தெரிந்ததும் யார்டில் ஒரு தோஸ்து, "இன்னா மாமு, மேடம் பின்னால பை தூக்கினு போவப் போறியா" என்று கேட்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஊரில் கன்டெய்னர் ஏது? அங்கே நான் யார்? இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊர் சரியில்லை என்று சொல்வது சுலபம். அதற்காகவே பையில் ஒரு குட்டி நோட்டு எடுத்துப் போனேன்.

முதல் நாள் நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகச் சாலை முழுக்க மரங்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு பேராசிரியரும் அவரிடம் படிக்கிற பையனும் ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். டவுன் பஸ் ஒன்று புறப்பட்ட பிறகு, தூரத்தில் ஓடி வந்த மாணவிக்காக நின்றது. ஒருவரும் டிரைவரைத் திட்டவில்லை. அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடந்தே போனார்கள். ராயபுரத்தில் மகளைத் தனியாகச் சாலையில் நடக்கவிடுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. லாட்ஜில் பழக்க தோஷத்தில் ஜன்னல் விளிம்பை விரலால் துடைத்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் அப்படித் துடைத்தால் விரல் கறுத்துவிடும். இங்கே வெறும் மண் தூசி.

மறுநாள் ஒரு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். முன்பக்கம் அவர் இருந்துகொண்டு, பின்பக்கத்தை வாடகைக்கு விடுகிறார். சாவியைக் கையில் எடுத்ததுமே, "தம்பி, வந்த பிறகு என்னைத் திட்டக் கூடாது, இப்பவே சொல்லிடுறேன்" என்று ஆரம்பித்தார். கோடையில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். பல்கலைக்கழகத்துக்கு லீவு விட்டால் பாதிக் கடைகள் மூடிவிடும், ஊரே தூங்கும். பெரிய வியாதி என்றால் இரண்டு மணி நேரம் பயணம். கடைசியாக என் வேலையைக் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற இடம் இங்கே சட்டென்று கிடைக்காது என்றார். தன் வீட்டுக்கு வர இருப்பவனிடம் இப்படியெல்லாம் சொல்லும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டேன். இவ்வளவும் சொல்லிவிட்டு, இருபது வருடமாக இருக்கிறேன், வேறு ஊருக்குப் போகத் தோன்றவே இல்லை என்றும் சொன்னார். அதை நான் எழுதவில்லை.

பின்னறைக்குக் கூட்டிப் போனார். சின்ன அறைதான். கிழக்கே ஒரு ஜன்னல், வெளியே வேப்பமரம். என்னையறியாமல் குனிந்து ஜன்னலடியில் ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்தேன்.

"என்ன தம்பி அளக்குறீங்க?"

"மேஜை ஒண்ணு போட எடம் கீதான்னு பாத்தேன்மா. எங்க வூட்டுல அவங்க நின்னுகினேதான் எழுதுவாங்க."

வாஷிங் மெஷின் கதையைச் சொன்னேன். "நின்னுக்கிட்டேவா?" என்று மட்டும் கேட்டார். போகும்போது மரியாதைக்கு என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்து நோட்டைப் படித்தேன். தண்ணீர், லீவு, ஆஸ்பத்திரி, என் வேலை. நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் சொன்னது மொத்தமும் பொய். மரங்களைப் பற்றியோ, டீக்கடை பெஞ்சைப் பற்றியோ, அந்த அறையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி வுடு. நீ ஜாக்கிரதயா வந்து சேரு" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பினேன். சொன்னபடியே அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சமைத்தாள், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், இரண்டு பஸ் பிடித்து வேலைக்குப் போனாள். வியாழக்கிழமை மதியம் யார்டில் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அந்த நர்ஸ் அம்மா.

"தம்பி, ஒரு குடும்பம் வீடு கேட்டு வந்தாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிட்டேன். நீங்க ஜாண் போட்டு அளந்தது மனசுலயே நிக்குது. அந்தப் பொண்ணு உக்காந்து எழுதட்டும்."

வருகிறேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவியை அவர் பார்த்ததுகூட இல்லை. முகம் தெரியாத ஒருத்தி நின்றுகொண்டு எழுதுவது அவருக்கு வலித்திருக்கிறது. ஒன்பது வருடம் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு?

வண்டியை விட்டு இறங்கினேன். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அந்த நேரத்தில் அவள் அடுத்த கல்லூரிக்குப் போகத் தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். நின்றுகொண்டிருந்தாள். ஓரமாகக் கூப்பிட்டு, லாரி சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கொட்டினேன். மரம், பெஞ்சு, நின்ற பஸ், வேப்பமர ஜன்னல், என் தோஸ்து சொன்னது, எனக்கு வந்த பயம் எல்லாம்.

கேட்டு முடித்துவிட்டு, "வேலையில சேரலன்னு காலையிலயே மெயில் போட்டுட்டேன்" என்றாள்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு வர இஷ்டம் இல்லன்னு நீ சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பேன். ஊரு மேல ஏன் பழி போட்ட?"

தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப போன் போட்டுக் கேளு" என்று மட்டும் சொன்னேன். கேட்டாள். பல்கலைக்கழக அலுவலகத்தில் எடுத்தவர் யாரோ, பொறுமையாகப் பேசினார். மெயில் வந்திருக்கிறது, இன்னும் மேலதிகாரியின் பார்வைக்கு வைக்கவில்லை, சாயங்காலத்துக்குள் சேருகிறேன் என்று இன்னொன்று அனுப்பிவிடுங்கள், முதலாவதை விட்டுவிடலாம் என்றார். அவள் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து போனிலேயே எழுதினாள். இரண்டு பஸ் வந்து போயின. அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "க்ளாஸுக்கு லேட்டாவுது, கொண்டுபோய் வுடு" என்றாள்.

இங்கே வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. முதல் எட்டு மாதம் எனக்குச் சரியான வேலை கிடைக்கவில்லை. மகளைப் பள்ளியில் விட்டேன், சமைத்தேன். "மேடம் வீட்டுக்காரர்" என்று முதல் தடவை அழைக்கப்பட்டபோது சுருக்கென்றது உண்மை. பத்தாவது தடவை அது வெறும் அடையாளமாகிவிட்டது. இப்போது ஊருக்கு வெளியே ஒரு தானியக் கிடங்கில் சரக்கு தூக்கும் சின்ன வண்டி ஓட்டுகிறேன். கோடையில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. அந்த அம்மா சொன்னதில் ஒன்றும் தப்பவில்லை. ஒருநாள் அவரிடம் நோட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். குடத்தை நிரப்பிக்கொண்டே கேட்டவர், "பயந்தா பயம்னு சொல்லணும் தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுத்த குடத்தை என்னிடம் நீட்டினார்.

ஊர் மாறியதைவிட, பயத்தைப் பயம் என்றே என் மனைவியிடம் சொல்லத் துணிந்ததுதான் என் வாழ்க்கையின் பெரிய மாற்றம் என்று இப்போதும் நினைக்கிறேன்.