இரண்டு பாலங்களும் அப்பாவும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகின்ற இன்று, பலெர்மோவில் எங்கள் வீட்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கும், தூர நாடுகளில் தபால் வழியாக இந்த நினைவு மலரைப் பெறுகின்ற உங்களுக்கும், அவரது மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. அழுதுகொண்டுதான் எழுதுவேன் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஆனால் அப்பாவை நினைத்தால் முதலில் வருவது நிம்மதிதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொந்தக் கட்டிலில், அம்மா பக்கத்தில் இருக்கக் கண்ணை மூடினார். முகத்தில் ஒரு பாரமும் இருக்கவில்லை. பல வருடங்கள் அவர் சுமந்த பாரம் எங்கே இறங்கியது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அப்பா முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தாய் தகப்பனை இளவயதிலேயே இழந்து, தம்பியாகிய எங்கள் சித்தப்பாவைத் தாமே வளர்த்து ஆளாக்கினார். உழவு இயந்திரம் திருத்துவதில் கெட்டிக்காரர். பொய் சொல்லத் தெரியாது. அதனால் கடைக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கும், கலியாணத் தரகர்களுக்குப் பிடிக்காது. கோபம் சட்டென்று வரும், தேத்தண்ணீர் ஆறுவதற்குள் போய்விடும்.

போரின் கடைசி நாட்களில் நாங்கள் எல்லோரும் நீரேரிக்கு மேலே போகும் ஒரு நீண்ட பாலத்தை நோக்கி நடந்தோம். அதைக் கடந்தால் உயிர் தப்பலாம் என்றார்கள். சித்தப்பாவுக்குக் காலில் பலத்த காயம். அப்பா அவரைத் தோளில் சுமந்து பாலத்துக்கு அருகில் வரை கொண்டுவந்தார். அதற்கு மேல் இயலவில்லை. எங்களைக் கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லி, சித்தப்பாவையும் சித்தியையும் ஒரு மரத்தடியில் இருத்தினார். நாங்கள் பாலம் கடந்ததும் இராணுவத்தினர் எவரையும் திரும்பிப் போக விடவில்லை. அப்பா கும்பிட்டார், கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முகாமில் இருக்கும்போது, சித்தப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி மட்டும் யாரோ வாயால் வந்து சேர்ந்தது.

அப்பா சித்தியுடன் பேசவே இல்லை. சித்தி வேறொரு முகாமில் இருந்தார், பிறகு ஊருக்குத் திரும்பினார். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. கொள்ளி வைக்கவேண்டிய அண்ணனுக்கே அறிவிக்கவில்லை என்றால் தன்னை வெறுக்கிறாள் என்றுதான் அர்த்தம் என்று அப்பா முடிவு கட்டினார். சித்தியின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தார். அந்த எண்ணை அவர் அழுத்தவே இல்லை. சித்தப்பாவின் படத்தை வீட்டில் மாட்டவும் விடவில்லை.

இந்தப் பாரத்தோடுதான் அவர் பலெர்மோவுக்கு வந்தார். முன்பே இங்கே இருந்த எங்கள் மாமா, லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் வேலை எடுத்துக் கொடுத்தார். தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்வது வேலை. அந்த வேலையால்தான் அப்பாவுக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்தது, நாங்களும் வந்து சேர்ந்தோம். அப்பா அவரை 'ஐயா' என்று கூப்பிடுவார். நாளடைவில் அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அவருடைய மகளை நாங்கள் சிஞ்ஞோரா என்போம்.

ஐயாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கரண்டியை வைத்துவிட்டு மேசைக்குக் கீழே இறங்கப் பார்ப்பார். முன்பு வேலை பார்த்தவர்கள் உலகப் போர் முடிந்து எழுபது வருடமாயிற்று என்று சொல்லிப் பார்த்துக் களைத்து, வேலையை விட்டுப் போனார்களாம். அப்பாவோ தாமும் அவருடன் மேசைக்குக் கீழே இறங்கிக் குந்தினார். சத்தம் போனபின் இருவரும் எழும்பிச் சாப்பாட்டைத் தொடர்வார்கள். வன்னிப் போரில் விமானக் குண்டுகளுக்குப் பதுங்கியிருந்து வந்தவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை. ஒருநாள் சிஞ்ஞோரா வந்து இருவரையும் தரையில் கண்டு பதறிப்போனார். தன் தகப்பனை அப்பா விழுத்திவிட்டார் என்று நினைத்துச் சத்தம் போட்டார். இவன் மட்டும்தான் விஷயம் தெரிந்தவன் என்று ஐயா மேசைக்குக் கீழிருந்தே பதில் சொன்னாராம்.

அதன் பிறகுதான் ஐயா வாய் திறந்தார். நான் பள்ளி விட்டு வந்து அப்பாவுக்கு மொழிபெயர்ப்பேன். உலகப் போரின்போது ஐயாவுக்கு இருபது வயது. கத்தானியா நகருக்குத் தெற்கே, ஆற்றுக்கு மேலான ஒரு பாலத்தில் காவல் நின்றவர். அவருடன் காவல் நின்றவன் தூரி என்ற தோழன். கடற்கரையில் எதிரிப் படை இறங்கியிருந்தது. தாங்கள் பின்வாங்கும்போது உடைப்பதற்காக ஐயாவின் ஆட்கள் பாலத்தில் வெடி கட்டியிருந்தார்கள். அதை உடைக்குமுன் முழுசாகப் பிடித்து, தங்கள் படை வரும்வரை வைத்திருப்பதற்காக எதிரிகள் வானத்தால் ஆட்களை அனுப்பினார்கள். நிலாக் காலம். விமானங்கள் கடலிலிருந்து தாழப் பறந்து வந்தன. காற்றில் கொடியிலிருந்து அறுந்த வேட்டிகள் போலப் பரசூட்டுகள் இறங்கின. சில விமானங்கள் எரிந்தன. இயந்திரமே இல்லாத விமானங்கள் சத்தமில்லாமல் வயலில் வந்து மோதின. ஆயிரக்கணக்கில் வருகிறார்கள் என்று ஐயா நம்பினார். துவக்கைப் போட்டுவிட்டு நாணற் பற்றைக்குள் ஓடினார். தூரியைக் கூப்பிடவும் இல்லை. விடிந்த பின்தான், பாலத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர், மற்றவர்கள் வழி தவறி எங்கெங்கோ விழுந்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஐயா பிடிபட்டார். தூரி பாலத்தில் தனியாக நின்று செத்திருப்பான் என்று அன்றிலிருந்து நம்பியிருந்தார். தூரியின் குடும்பத்துக்கு அந்தப் பாலத்துக்கு அருகிலேயே தோடம்பழத் தோட்டம் இருந்தது. அவன் தாயின் முகத்தில் விழிக்கப் பயந்து ஐயா எழுபது வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை.

அப்பா நான் மொழிபெயர்த்து முடியும்வரை காத்திருந்தார். மறுநாள் சிஞ்ஞோராவிடம், ஐயாவை அந்தப் பாலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டார். வேலை செய்த வீட்டில் அப்பா வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அது ஒருமுறைதான். சிஞ்ஞோரா முதலில் மறுத்தார், டாக்டரைக் கேட்டார், பிறகு இளவேனிலில் ஒரு சனிக்கிழமை காரை எடுத்தார். மொழிபெயர்க்க நானும் போனேன்.

பாலத்தில் பழ லொறிகள் போய்க்கொண்டிருந்தன. ஐயா காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்தார். தோட்டத்து வீட்டில் அறுபது வயதளவில் ஒரு பெண் வந்து கதவைத் திறந்தார். அவர் தூரியின் மகள். தூரி சாகவில்லை! விமானச் சத்தம் கேட்ட உடனே, ஐயாவுக்கும் முந்தி ஓடிவந்து, தங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவில் விடியும்வரை நின்றாராம். நல்ல வயதுவரை வாழ்ந்து சில வருடங்களுக்கு முன்தான் இறந்திருக்கிறார். தோழனைப் பாலத்தில் தனியே விட்டுவிட்டு ஓடிவந்தேனே என்று சாகும்வரை சொன்னாராம். ஒவ்வொரு வருடமும் ஐயாவின் பெயரில் தேவாலயத்தில் ஆத்ம சாந்திப் பூசையும் கொடுத்தாராம்.

ஐயாவுக்கு முதலில் வந்தது கோபம். உயிரோடு இருக்கிறவனுக்குப் பூசையா என்று கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிஞ்ஞோராவும் அந்தப் பெண்ணும் சிரித்து, அழுது, வாசலில் ஒரே களேபரம். நான் அப்பாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் கேக்காமலே இருந்திட்டினம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் பணப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். எண்ணை நான்தான் அழுத்தினேன். சித்தி எடுத்தார். அப்பா தான் யார் என்று சொன்னார்.

"அத்தான்," என்றார் சித்தி. "நீங்களா எடுக்கட்டும் எண்டுதான் நான் இருந்தனான். உங்களை நானா எடுத்து எப்பிடிக் கேக்கிறது? மூத்தவர் நீங்கள்."

அந்தியேட்டியைக்கூட அவர் செய்யவில்லையாம். செய்யவேண்டியவர் அப்பா என்று, அப்பாவின் வார்த்தைக்காகக் காத்திருந்தாராம். மரியாதை பார்த்து ஒருவரும், குற்ற உணர்வில் ஒருவரும், ஐந்து வருடம். எங்கள் ஆட்களால்தான் இது முடியும்.

அப்பா மெல்லக் கேட்டார். "திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டு நான் வரேல்லை, பிள்ளை. அவன் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தவனோ?"

"இல்லை அத்தான். அடுத்தநாள் ஆக்கள் தூக்கி எங்களையும் பாலத்தாலை கொண்டுவந்தவை. ஆசுப்பத்திரியிலை மூண்டு நாள் இருந்தவர். நான்தான் பக்கத்திலை. 'அண்ணை பிள்ளையளோடை கடந்திட்டார்தானே?' எண்டு கேட்டவர். ஓமெண்டன். பிறகு தேத்தண்ணி கேட்டுக் குடிச்சவர்."

அப்பா அதை மறுபடி சொல்லச் சொன்னார். சித்தி சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். அதன் பிறகு தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுது முடிந்ததும் பசிக்கிறது என்றார். ஆறிப்போன இடியப்பத்தை நான் சூடாக்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் சித்தப்பாவின் படம் எங்கள் சுவரில் ஏறியது, கடமைகளும் முறைப்படி நடந்தன. ஐயா அந்த வருடக் கடைசியில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அப்பா நோயில் விழுந்த பின்னும் அந்தப் பழைய கலக்கம் ஒருநாளும் திரும்பி வரவில்லை.

அப்பாவின் நோயில் துணை நின்ற வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் முன்னின்ற மாமாவுக்கும், விடுமுறைக்குப் போன ஊரிலிருந்து உடனே திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிஞ்ஞோராவுக்கும், தோட்டத்திலிருந்து பழப்பெட்டியோடு வந்து சேர்ந்த தூரியின் மகளுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டது. எல்லோருக்கும் மேலாக எங்கள் சித்திக்கு நன்றி. அப்பா மூன்று முறை கேட்டும் சலிக்காமல், ஒரு சொல்லும் மாறாமல், மூன்று முறையும் சொன்னவர் அவர்.