மாடியில் காய்ந்த துணி

எங்கள் தாய்மாமா டி.வி.க்குச் சிரிப்பு நாடகம் எழுதிப் பெயர் வாங்கியவர். பிற்பாடு தயாரிப்பாளராகி, எழுத வந்த பிள்ளைகளுக்கு வாத்தியாராகவும் ஆனார். அவருடைய முதல் நாடகத்துக்குச் சரக்கு கொடுத்தவள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

பழங்காநத்தத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளி வந்துவிட்டால் அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பி, "மாடில துணி காஞ்சிருச்சா?" என்று கேட்பார். அம்மா "காஞ்சிருச்சு" என்றால் அப்பாவும் கூட உட்காருவார். "இன்னும் ஈரமாத்தேன் இருக்கு" என்றால் அன்றைக்கு அவருக்கு விரதம். ஓட்டு வீட்டுக்கு ஏது மாடி? என் வாய் சும்மா இருக்குமா, லீவுக்கு வந்த மாமாவிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நாடகம் வந்த அன்று, டி.வி. இருந்த பக்கத்து வீட்டில் தெருவே கூடியிருந்தது. மச்சினன் எழுதியது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளியைக் கண்ட நடிகர் "மாடில துணி காஞ்சிருச்சா?" என்று கேட்டதும் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த காட்சியில் விளக்கமும் வந்தது. துணி என்றால் சோறு, ஈரம் என்றால் பற்றாது. கூடமே குலுங்கிச் சிரித்தது. அப்பாவின் விரதம் சாமிக்கானது என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன்.

எங்கள் வீட்டில் அடிக்கடி சாப்பிடும் அப்பாவின் ஆபீஸ் நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, அப்ப அன்னைக்கெல்லாம் நீங்க சாப்பிடலையா?" என்றார். அதோடு சிரிப்பு நின்றுபோனது. எல்லாரும் அப்பாவையே பார்த்தார்கள்.

"கதைக்கு எழுதுறதுதானப்பா," என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர்கள்கூட வாசலிலேயே, "இப்பத்தேன் சாப்பிட்டு வாரேண்ணே" என்பார்கள். அப்பா எம்புட்டோ மன்றாடிப் பார்த்தார். அம்மா வடித்த சோறு மிஞ்சியது. அப்பாவுக்கு விரதமே வரவில்லை. இனி தினமும் வயிறு நிறையச் சாப்பிடலாமே, அப்புறம் எதற்காக இந்த மனுசர் இளைத்துக்கொண்டே போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.