நூற்று மூன்று என்று எழுதிய நாள்

சனிக்கிழமைகளில் நானும் என் கணவரும் ரயில் பார்க்கப் போவோம். ஏறிப் போவதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டும். அலோர்ஸ்டார் மெர்கோங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் புறப்பட்டு, பெரும்பாலும் குருண் நிலையத்து நடைமேடை முடிகிற இடத்தில் போய் நின்றுகொள்வோம். பாடாங் பெசாருக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடுகிற கொமுட்டர் மின்வண்டிகளை அவர் பெரிதாக மதிப்பதில்லை. அதே தண்டவாளத்தில் எப்போதாவது தலைகாட்டும் பழைய டீசல் என்ஜின்களுக்காகத்தான் அந்தக் காத்திருப்பு. அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர் அவர். நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். கைப்பையில் ஒரு நாவல் இருந்தால் எத்தனை மணி நேரமும் எனக்குச் சுமையில்லை.

ரயில் பார்க்கிறவர்களின் எங்கள் சிறு குழுவில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜினின் எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இருவரும் பார்த்தால் ஒருவருடைய ஆசை மற்றவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் வந்த ஏற்பாடு அது. எங்களில் படிப்பவர் அவர், எழுதுபவள் நான். வீடு திரும்பியதும் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்புவார். மற்றவர்கள் எடுத்த புகைப்படங்களோடு அது அச்சாக ஒத்துப்போகும்.

ஹரி ராயா பெருநாளுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை நான் விதியை மீறி நிமிர்ந்தேன். சரக்கு வண்டி ஒன்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. எண்ணின் கடைசி இலக்கத்தை அவர் ஆறு என்றார். அது எட்டு. பட்டப்பகல், எதிரே பத்தடி தூரம். அவருக்கு இனிப்புநீர் நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கண் பரிசோதனைக்குக் கொடுத்த தேதியை இரண்டு முறை தட்டிக் கழித்திருந்தார். "கண்ணாடிய மாத்துனா சரியாயிடும் லா, சும்மா பெருசு பண்ணாத" என்பதுதான் அவருடைய பதில்.

நான் எட்டு என்றே எழுதினேன். அவருக்குத் தெரியாமல்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சரியாகச் சொன்ன நாட்களும் இருந்தன; தவறிய நாட்களில் நான் கண்டதை எழுதினேன். அதை அன்பு என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். தோளில் எப்போதும் கேமரா தொங்கும். "அண்ணே, என் கேமராவுக்குக்கூட ஃபோக்கஸ் தப்பும், ஒங்க கண்ணுக்குத் தப்பாது லா" என்று அவள் சொல்லும்போது அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சியோடுதான் அவர் காரின் சாவியை எடுப்பார்.

ஒரு நாள் குருணுக்குத் திரும்பும் சந்திப்பில், இடப்பக்கமாக வந்த மோட்டார் சைக்கிளை அவர் பார்க்கவே இல்லை. நான் கத்தினேன். கார் நின்றபோது, மோட்டார்க்காரரின் முழங்காலுக்கும் எங்கள் முன்விளக்குக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. மோட்டாரின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை ஒன்று எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

"எப்படி வர்றான் பாத்தியா?" என்றார் அவர்.

"இனிமே நான் ஓட்டட்டுமாங்க?"

"நீயா? லோரியப் பாத்தாலே ஒனக்கு நடுங்கும். இத்தன நம்பர் படிக்கிறேன், ஒன்னாச்சும் தப்புனிச்சா? என் கண்ணுக்கு என்னா கேடு?"

அவருக்கு நல்ல கண் இருப்பதாகச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து வந்தவளே நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வாரந்தோறும், என் கையெழுத்தில்.

அடுத்த சனிக்கிழமை குழுவில் ஒரு செய்தி பரபரத்தது. வழியில் பழுதாகி நின்ற கொமுட்டர் வண்டியை ஒரு பழைய டீசல் என்ஜின் இழுத்துக்கொண்டு வடக்கே வருகிறதாம். பல ஆண்டுகளுக்கு ஒரு முறை காணக் கிடைப்பது. நாங்கள் குருண் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் நடைமேடையில் கேமராவோடு தயாராக நின்றிருந்தாள். சிறிது நேரத்தில் தண்டவாளம் அதிர்ந்தது. மங்கிய நீல நிறத்தில், கரும்புகை கக்கியபடி என்ஜின் வந்தது. விளக்கணைந்த மின்வண்டி அதன் பின்னே தலைகுனிந்ததுபோல் ஊர்ந்தது.

"நூத்தி மூணு!" என்று அந்த இரைச்சலில் அவர் என் காதருகே கத்தினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் கண்டது நூற்று எட்டு. என் கை நூற்று மூன்று என்று எழுதியது.

அந்தப் பெண் கேமராவின் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, என் நோட்டை எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, நூத்தி எட்டு லா இது! அண்ணே சொன்னத வுட்டுட்டு எங்க கனா கண்டீங்க? நாவலா?" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. ஆமாம், கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"அவரு மூணுன்னுதான் சொன்னாரு," என்றேன்.

சிரிப்பு நின்றது. அவள் கேமராவின் பட்டையைச் சரிசெய்வதுபோல் தள்ளிப் போனாள். அவர் நோட்டை வாங்கி, முகத்துக்கு மிக அருகில் பிடித்து முந்தைய பக்கங்களைப் புரட்டினார்.

"இதுக்கு முந்தி உள்ளதெல்லாம்?"

"நீங்க தப்பா சொன்னப்பல்லாம், நான் பாத்தத எழுதுனேன்."

"எப்பலேர்ந்து?"

"ராயாவுக்கு முந்தி."

அவர் நோட்டை மூடினார். "குழுவுல எல்லாம் என்னைய மெச்சுனாங்களே," என்றார். கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் ஓட்டுநர் கதவின் பக்கம் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு சாவியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு மறுபக்கம் சுற்றிப் போய் உட்கார்ந்தார். உரிமத்தை நான் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்திருக்கிறேன். ஆனால் ஓட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. பின்னால் வந்த லோரிகள் ஹார்ன் அடித்தன. "சிக்னல் போடு" என்றார் அவர் ஒரு முறை. ஓரிடத்தில் கொமுட்டர் ஒன்று எங்களைக் கடந்து போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுவாரம் கண் கிளினிக்குக்கு நான்தான் ஓட்டிப் போனேன். இடக்கண்ணில் இழந்தது இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். முன்பே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டது அவரைத்தான். தலைகுனிந்தது நான்.

நோட்டு இப்போது காரின் முன்பெட்டியில் கிடக்கிறது. நூற்று மூன்றைத் திருத்தட்டுமா என்று ஒரு முறை கேட்டேன்.

"இருக்கட்டும்," என்றார். "அது ஒன்னாச்சும் நான் சொன்னது."