மாலைக்கு அடியில் அட்டிகை

திருடனுக்குப் பயந்து நகையைச் சூதாட்டக்காரர் பெட்டியில் வைத்த அறிவாளி, எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூரில் எங்கள் ஃபேரர் பார்க் வீட்டில் ஓர் அறையை நம் ஆள் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். இரட்டைப் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். மலேசியாவில், ஈப்போவில் ஒரு சாவு; குடும்பத்தோடு போக வேண்டியிருந்தது. துக்க வீட்டுக்கு அட்டிகை எதற்கு என்று அவரிடம் கொடுத்து வைத்தேன். எங்கள் மகளுக்கென்று மனைவி பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே நகை அது.

“சாவி யாருகிட்ட?” என்று மனைவி கேட்டாள்.

அவரிடம்தான், நமக்கு அந்தத் தொல்லைகூட இல்லை என்றேன், பெருமையாக.

திரும்பி வந்தால் ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை. கள்ளத்தனமாக நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எழுதுகிறவராம். தோற்றவர்களிடம் நகையை ஈடாக வாங்குவாராம். போலீஸ் அவரைப் பெட்டியோடு அள்ளிப் போயிருந்தது.

என்மேல் வழக்கு இல்லை. அட்டிகைமேல்தான் சந்தேகம். அது சூதில் வந்ததில்லை என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். ரசீதுக்கு எங்கே போவேன்? எங்கள் கல்யாணத்துக்கு மாமியாரின் பழைய வளையலை உருக்கிச் சிராங்கூன் ரோட்டில் ஓர் ஆசாரி செய்து கொடுத்தது. ரசீது கேட்டால் மனம் கோணுவார் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்குச் சாட்சிக்குக் கூப்பிட்டால், போலீஸ் என்றதும் கடையை அடைக்க நேரமாகிவிட்டது என்கிறார், காலை பதினோரு மணிக்கு.

அரைநாள் அரைநாளாக லீவு போட்டு மூன்று தடவை போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அதே பெஞ்சு, அதே காத்திருப்பு. மூன்றாம் தடவை கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோனேன். தமிழ் அதிகாரி ஒருவர், சின்ன வயசு, மரியாதையாகப் பேசுகிறவர், ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். எல்லாப் படத்திலும் மனைவியின் கழுத்திலிருந்து வயிறுவரை ரோஜா மாலை. கஞ்சன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, கடையிலேயே பெரியதாகப் பார்த்து நானே கட்டச் சொன்ன மாலை.

“அங்கிள், பூ மட்டும்தான் லா தெரியுது.”

அதற்கு அடியில்தான் இருக்கிறது என்றேன். அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். நம்பியதை எழுத அந்த ஃபாரத்தில் இடம் இல்லை.

பிறகு கடிதம் வந்தது: பறிமுதல். மனைவி நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. கவலைப்படாதே, இப்போது இன்னும் பெரிய அரசாங்கப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை.

“சாவி யாருகிட்ட?”