மாதா கோயில் பீடமும் நீலப் பெயிண்டும்

டிராயிங் மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்று அந்த உத்தியோகம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; கணக்கு வாத்தியார் பாடம் முடிக்காவிட்டால் நம் வகுப்பைத்தான் பிடுங்குவார்கள். நானும் உங்களைப் போலத் தலையாட்டிக்கொண்டு இருந்தவன்தான், ஒரே ஒரு விஷயம் தவிர.

சிலபஸ்

யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி, ராசிபுரத்துப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் இருந்தேன். சோளக்காட்டை ஒட்டி ஒரு பழைய மாதா கோயில். முகப்பு வெள்ளைக்காரன் பாணி. உள்ளே போனால் கதையே வேறு. தூண்களின் தலையில் வாழைப்பூ தொங்கும். மரப்பீடம் முழுக்கச் செதுக்கிய கொடியும் கிளியும். சிறகு விரித்த தேவதூதர்களின், அவர்கள் பாஷையில் சம்மனசுகளின், காதில் நம்மூர்த் தோடு! மேற்கு ஜன்னல் வெயில் விழுந்தால் கிளிகள் இப்போதே பறந்துவிடும் போலிருக்கும்.

பையன்களை அங்கே வரைய அழைத்துப் போகட்டுமா என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சிலபஸில் பானை இருக்கிறது, கோயில் இல்லை."

தகப்பனார்

சனிக்கிழமை அவருடையதல்லவே! அன்றைக்கே போய்விட்டோம். அப்போதிருந்த வயசான சாமியார் சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு பையனின் தகப்பனார், பண்ணையக்காரர், கோயில் வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். "ஏனுங்க வாத்தியாரே, நாளைக்கு அவன் ஊட்டுக்கு வந்து துண்ணூறு பூச மாட்டேன்னா நான் என்னங்க பண்றது?" என் நெற்றி விபூதியைக் காட்டி, "உள்ளே வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பீடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நம்ம தேருல இருக்கற கிளியேதானுங்க இது! நல்லா வரையட்டும், பொழுதோட மட்டும் அனுப்பிச்சுடுங்க."

ஏணி

பிறகு ஒரு சின்ன வயதுச் சாமியார் வந்தார். திருவிழாவுக்குப் பீடம் பளபளக்க வேண்டுமென்று நீலப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்தார். எனக்குத் தெரிந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த பெயிண்டர் பாய் ஏணியைச் சாத்தியிருந்தார். நான் பீடத்துப் படியில் கையை விரித்து நின்றுகொண்டேன்.

"இது உம்முடைய கோயிலா?" என்றார் சாமியார்.

"இல்லை. அதற்காக நகர மாட்டேன்." என்றேன்.

என்னை இழுத்துப் போடச் சொல்லி, அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்குக்காரர்களைக் கூப்பிட்டார். வந்தவர்கள் என்னையும் பார்த்தார்கள், பீடத்தையும் பார்த்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. இதற்குள் பாய் ஏணியில் ஏறி, ஓர் இலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். டப்பாவை மூடினார்.

"பெயிண்டு எப்ப வேணாலும் அடிக்கலாம் சாமி, இந்த எலையைத் திரும்பச் செதுக்க யாருங்க வருவாங்க?"

கதவு

வகுப்பை விட்டுப் போனதற்கு மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார் ஹெட்மாஸ்டர். மறுத்துவிட்டேன். திருவிழாவன்று சாமியாரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பீடம் பழையபடி இருந்தது. வாசற்கதவு மட்டும் கண்ணைப் பறிக்கும் நீலம். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை உயர்த்தினார்.

"பீடத்தை உமக்கு விட்டுவிட்டேன், கதவைப் பற்றி மூச்சு விடக்கூடாது."

மன்னிப்பு எழுதித் தராததற்காக அடுத்த வருஷமே என்னை ஆத்தூர்ப் பக்கம் தூக்கியடித்தார்கள். அங்கேயும் ஒரு பழைய கோயில் இருக்கிறதா என்று விசாரிக்க மறந்துவிட்டார்கள்.